மூலிகை பறித்தவரின் முப்பது கலம்

(வெலிமடையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நுவரெலியாப் பக்கமிருந்து வெலிமடைக்கு இறங்கி வந்தவர்கள் ஹக்கலை மலையின் அடிவாரத்தைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். அந்த மலைக்கு ஒரு கதை உண்டு. போர்க்களத்தில் விழுந்து கிடந்த இலக்குவனுக்காக மருந்து தேடிப் போன அனுமன், செடி எதுவென்று அடையாளம் தெரியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தான். அதில் ஒரு துண்டு இங்கே விழுந்தது. தாடையில் கவ்வி வந்தபடியால், தாடையைக் குறிக்கும் சிங்களச் சொல்லே மலைக்குப் பெயராயிற்று என்பார்கள். காலிப் பக்கத்து ருமஸ்ஸலைக்கும் இதே கதை, வடக்கே ரிட்டிகலைக்கும் இதே கதை. மலை எத்தனை துண்டாக உடைந்ததோ, அது கதை சொல்லுகிறவர்கள் பாடு. கேட்கிற நாம் அனுமனின் பலத்தை மெச்சிவிட்டுப் போய்விடுகிறோம். அவ்வளவு பலம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. செடியை அறிந்த ஒருவர் கூடப் போயிருந்தால் மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பார்.

இன்றைய பேச்சு இடைக்கால மூலிகைத் தோட்டங்களைப் பற்றியது. இதில் நான் நிறுவ வந்தது ஒன்றுதான். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இடைக்கால வைத்தியசாலைகளுக்கு மருந்துச்சரக்கு தந்தது பாத்தி கட்டி வேலி போட்ட தோட்டம் என்று எண்ணச் சான்று குறைவு. காடும் புல்வெளியும் குளக்கட்டும் வயல் வரம்பும்தான் தோட்டம். அதற்குள் போய், எந்தச் செடி, அதில் வேரா பட்டையா காயா, எந்த மாதம் என்று அறிந்து கொண்டுவந்த ஆள்தான் தோட்டக்காரர். அவருக்கு அன்றைய நிறுவனங்கள் கணக்கெழுதிக் கூலி கொடுத்தன. நாமோ இன்று பாடசாலை, கோவில், தோட்டக் காரியாலயம் என்று எங்கே பார்த்தாலும் மூலிகைத் தோட்டம் அமைக்கிறோம், பெயர்ப்பலகை நடுகிறோம், திறந்து வைக்கப் பிரமுகரை அழைக்கிறோம். செடி தெரிந்த ஆளை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

மூலிகைத் தோட்டம் என்றதும் நம் மனத்தில் வருகிற அந்தச் சதுரமான படம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஐரோப்பிய மடங்களிலிருந்து. சுவிற்சர்லாந்தின் சென் கால் மடத்து நூலகத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தோலோவியம் ஒன்று இருக்கிறது. ஒரு மடம் எப்படி அமைய வேண்டும் என்று வரைந்த திட்டப்படம் அது. அதில் மருத்துவர் வீட்டை ஒட்டி ஒரு சிறு மூலிகைத் தோட்டம், 16 பாத்திகள், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடியின் பெயர். ரோஜா, லில்லி, புதினா, அருவதா, றோஸ்மேரி என்று போகும் அந்தப் பட்டியலில் நம்முடைய அஞ்சறைப்பெட்டிச் சரக்குகளான வெந்தயமும் நற்சீரகமும் பெருஞ்சீரகமும் இருப்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்புக்கூட வரும். ஆனால் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். அத்தனையும் சின்னச் செடிகள், பாத்தியில் அடங்குகிறவை. பல மத்தியதரைக் கடலோரத்து வெயிலில் வளர்ந்து பழகியவை. அல்ப்ஸ் மலைக் குளிரில் அவை தானாக முளைக்காது. சுவர் மறைப்பில், ஆள் பார்த்து வளர்க்க வேண்டும். அந்த மண்ணுக்கு அந்நியமான செடிக்குத்தான் வேலி அவசியமாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோவிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டொன்று உண்டு. 1060களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதே அரசனின் ஆட்சி இங்கே பொலன்னறுவையிலும் நடந்துகொண்டிருந்த கடைசி ஆண்டுகள் அவை. கோவிலோடு சேர்ந்த வேதபாடசாலை மாணவருக்கும் கோவில் ஊழியருக்குமாக 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்தது என்று அது சொல்லுகிறது. யார் யார் வேலை செய்தார்கள், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை என்ற அறுவை வைத்தியம் செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து செய்யும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பார்க்கும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கு 15 கலம். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மூலிகை பறிப்பவர் இருவரின் கூலியைப் பாதியாக்கினால் ஆளுக்கு 30 கலம், அதற்கு மேல் 1 காசு. கத்தி பிடித்த அறுவை வைத்தியருக்கும் அதே 30 கலம்தான். இருவரில் மூலிகைக்காரருக்கே ஒரு காசு கூடுதல்.

அவர்கள் விறகும் சுமந்தவர்கள்தானே, வெறும் எடுபிடிகளாக இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். எடுபிடிக்கு அன்று என்ன கூலி என்பதற்கும் அதே கல்வெட்டில் விடை உண்டு. தண்ணீர் சுமந்தவருக்கு 15 கலம். மூலிகைக்காரர் அதைப்போல் இரண்டு மடங்கு பெற்றார். கூடுதல் 15 கலம் தோள் பலத்துக்குக் கொடுத்ததாக இருக்க முடியாது. தண்ணீர்க் குடமும் பாரந்தான்.

இன்னொரு சான்று மருந்துப் பட்டியலிலேயே கிடைக்கிறது. ஓராண்டுக்கென இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ 20 அந்தக் கல்லில் பெயரோடு இருக்கின்றன. அவற்றில் நான்கு கடுக்காயை முதலாகக் கொண்டவை: வாசாஹரீதகி, கோமூத்திரஹரீதகி, தசமூலஹரீதகி, பல்லாதகஹரீதகி. ஹரீதகி என்றால் கடுக்காய். வாசா என்றால் ஆடாதோடை, பல்லாதகம் என்றால் சேங்கொட்டை. ஆடாதோடையை வேலியோரம் நட்டுவிடலாம். கடுக்காயை எந்தப் பாத்தியில் நடுவது? அது வறண்ட காட்டுப் பெருமரம். தசமூலம் என்ற பத்து வேர்களில் வில்வம், பாதிரி, குமிழ் என்று மரங்களின் வேர்களே பல. கோவில் நந்தவனத்தில் பூச்செடி வளர்க்க முடியும். தசமூலம் வளர்க்க முடியாது. அந்த மருந்துகள் செய்யப்பட்டன என்றால் யாரோ ஒருவர் காட்டுக்குப் போனார், அல்லது காட்டுக்குப் போனவரிடம் வாங்கத் தெரிந்தவர் ஒருவர் சந்தைக்குப் போனார். இரண்டிலும் தேவைப்பட்டது அடையாளம் காணும் கண்.

இலங்கைப் பக்கம் கட்டடச் சான்று இன்னும் வளமானது. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு வைத்தியசாலையின் அடித்தளமும், மனித உடல் கிடக்கும் வடிவில் குடைந்த கல் மருந்துத்தோணியும் இன்றும் பார்க்கலாம். பொலன்னறுவை ஆளாகன பிரிவெனாவில் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய வைத்தியசாலையை அகழ்ந்தபோது அறுவைக் கருவிகளும் மருந்து அரைத்த கல்லும் வெளிவந்தன. ஒரு தோணியை நிரப்ப எவ்வளவு எண்ணெய், எவ்வளவு இலை வேண்டும் என்று அதன் அருகே நின்று பார்த்தால் தெரியும். பத்துப் பன்னிரண்டு பாத்திகள் அதற்குக் காணாது. இவற்றுக்கெல்லாம் முன்னே, 4ஆம் நூற்றாண்டில், புத்ததாசன் என்ற அரசன் தானே வைத்தியனாக இருந்தான் என்றும் பத்துக் கிராமத்துக்கு ஒரு வைத்தியர் என நியமித்தான் என்றும் சூளவம்சம் சொல்லுகிறது. அந்தப் புத்ததாசனின் மூலிகைத் தோட்டம் என்று நம் ஊவாவிலேயே ஓரிடத்தைக் காட்டுவார்கள். பிபிலைக்கு அப்பால் உள்ள நில்கலைக் காடு அது.

நில்கலையை நேரில் கண்டவர்கள் அதைக் காடு என்பதா புல்வெளி என்பதா என்று தடுமாறுவார்கள். ஆளுயரப் புல், நடுவே இடம் விட்டு இடம் விட்டு நிற்கும் மரங்கள். அந்த மரங்களில் எடுப்பாக நிற்பவை மூன்று. சிங்களத்தில் அரலு, புளு, நெல்லி. நமக்குக் கடுக்காய், தான்றி, நெல்லி. மூன்றையும் காயவைத்து இடித்தால் திரிபலா. வறட்சியில் புல் பற்றி எரிகிறது. தடித்த பட்டையுள்ள இந்த மரங்கள் தீயைத் தாங்கி மறுபடி துளிர்க்கின்றன. பட்டை மெல்லியவை கருகிப்போகின்றன. தேனெடுப்பவரும் வேட்டைக்காரரும் மாடு மேய்ப்பவரும் வைத்த தீயும் இதில் சேர்ந்திருக்கிறது. மனிதக் கை படாத காடாகவும் அதைச் சொல்ல முடியாது, மனிதர் நட்ட தோட்டமாகவும் சொல்ல முடியாது.

புத்ததாசன் கதைக்குக் கல்வெட்டு இருக்கிறதா, வெறும் வாய்வழிக் கதையை வைத்து வரலாறு பேசலாமா என்று படித்தவர்கள் மறிப்பார்கள். மறிக்க வேண்டியதுதான். நில்கலையை அவன் தோட்டமாக வைத்திருந்தான் என்று நான் உறுதி கூற மாட்டேன். என் வாதம் அரசனின் பெயரில் தங்கியிருக்கவில்லை. கதையைத் தலைமுறைகளாகச் சொல்லி வந்த மக்கள் எதைத் தோட்டம் என்று கருதினார்கள் என்பதே எனக்கு முக்கியம். வேலியும் வாய்க்காலும் இல்லாத, தீ தின்று மிச்சம் விட்ட ஒரு புல்வெளியை அவர்கள் அரசனின் மூலிகைத் தோட்டம் என்றார்கள். கடுக்காய் அங்கே நிற்கிறது, எந்தக் காலத்தில் போனால் காய் கிடைக்கும் என்று தங்களுக்குத் தெரியும். தோட்டம் என்று சொல்ல அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. 1818இல் கெப்பெட்டிப்பொலை தலைமையில் நடந்த எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயர் ஊவா வெல்லஸ்ஸையின் வயல்களையும் வீடுகளையும் எரித்தபோது, காட்டு மரங்கள் தப்பின. அவற்றை அறிந்த குடும்பங்கள் சிதறின. எரிந்த வயலை இரண்டு போகத்தில் திருத்திவிடலாம்.

இனி வேலி போட்ட தோட்டத்துக்கு வருவோம். நம் வாசலிலேயே ஒன்று இருக்கிறது. இன்று ரோஜாவுக்கும் பன்னச்செடிக்கும் பெயர் பெற்ற ஹக்கலைப் பூங்கா 1861இல் ஒரு மருந்து மரத்துக்காகத் தொடங்கப்பட்டது. மலேரியாவுக்குக் குயினைன் தரும் சின்கோனா அந்த மரம். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையிலிருந்து விதை வந்தது; பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் இங்கே நாற்று வளர்ப்பித்தார். அந்நியச் செடிக்கு வேலி வேண்டும் என்று முன்னே சொன்னேனே, அதற்கு இது நல்ல உதாரணம். 1869க்குப் பிறகு கோப்பிச் செடியை இலைநோய் தின்னத் தொடங்கியதும் துரைமார் சின்கோனாவில் பாய்ந்தார்கள். 1880களின் நடுவில் ஒரே ஆண்டில் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. விலை சரிந்தது, மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டார்கள். அதற்கப்புறம் உலகச் சந்தையைக் கையில் வைத்திருந்தது ஒல்லாந்தரின் யாவா. ஏன் யாவா? பொலிவியாவில் மனுவெல் இன்க்ரா மாமனி என்ற பழங்குடிப் பட்டை சேகரிப்பாளர் ஒருவர் இருந்தார். எந்த மரத்தின் பட்டையில் சத்து அதிகம் என்று மரத்தைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவர். அவர் தேர்ந்து கொடுத்த விதையைச் சார்ள்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகர் 1865இல் இலண்டனுக்கு அனுப்பினார். ஆங்கில அரசு வேண்டாமென்றது; ஒல்லாந்தர் ஒரு பங்கை வாங்கினார்கள். இலங்கையில் பெரும்பகுதி நட்ட சிவப்புப் பட்டை இனத்தைவிட அந்த மரத்தில் குயினைன் பல மடங்கு இருந்தது. மாமனியை அவருடைய நாட்டு அதிகாரிகள் விதை கொடுத்த குற்றத்துக்காகச் சிறையில் அடித்தார்கள். அந்த அடியிலேயே அவர் இறந்தார். மரத்துக்கு லெட்ஜரின் பெயரை வைத்தார்கள். ஹக்கலையில் மண்ணும் மழையும் நாற்றுமேடையும் அரசாங்கப் பணமும் இருந்தன. மாமனியைப் போல மரம் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருக்கவில்லை.

அடையாளம் அறிவது அவ்வளவு பெரிய வித்தையா என்று எண்ணுகிறவர்களுக்கு நம் ஊர் மருந்துக்கடையிலிருந்தே ஒரு செடியைக் காட்டுகிறேன். காய்ச்சல் கசாயத்துக்குச் சிங்கள வைத்தியர் பிங்கொஹொம்ப எழுதுகிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் நிலவேம்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்த வைத்திய முறையிலும் காய்ச்சலுக்கு நிலவேம்பு உண்டு. இரண்டும் ஒன்றென்று கடைக்காரர் கட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். பிங்கொஹொம்ப ஒரு சாண் உயரக் குட்டிச் செடி, தண்டு கட்டை போல உறுதியானது, ஒரே காம்பில் வேப்பிலை போலச் சிற்றிலைகள், வெள்ளைப் பூ. நம் நிலவேம்பின் தண்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டினால் நான்கு மூலை கையில் தட்டும். இலை ஒற்றையாக ஈட்டி முனை போல இருக்கும். பூவில் ஊதாக் கீற்று. சிங்களத்தில் இதற்கு ஹீன் பிங்கொஹொம்ப என்று பெயர். கசப்பில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. நாக்கை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். முன்னது அரிதாகி விலை ஏறியபடியால் பின்னதை அதன் பெயரில் விற்பதும் நடக்கிறது. இன்னொன்று: சிங்களவர் பாவட்டா என்பது நம் ஆடாதோடை. நாம் பாவட்டை என்பது வேறொரு புதர். ஊவாவில் மூலிகை பறிப்பவருக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மொழியிலும் ஏமாறாமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டம் என்ற சொல்லையே பாருங்கள். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை. நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஒரே செடி. அதற்கு நடுவே மூலிகை எங்கே இருந்தது? கான் ஓரத்து வல்லாரையில், லயத்துப் பின்புறத்துக் கற்பூரவள்ளியில், வேலியில் படர்ந்த தூதுவளையில், குப்பைமேட்டுக் குப்பைமேனியில். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் சமவெளிச் செடிகளைத்தான் அறிந்திருந்தார்கள். இந்தக் குளிரில் எது பிழைக்கும், பிழைக்காததற்கு மாற்று எது என்று கண்டுபிடித்தது அவர்களின் அடுத்த தலைமுறைப் பெண்கள். அந்த அறிவைச் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேடு எந்தக் காலத்திலும் வேலையாகக் கணக்கெடுத்ததில்லை. இப்போது கானோரத்துக்குக் களைநாசினி வந்துவிட்டது. வெலிமடை உருளைக்கிழங்கு வயலில் நின்று மருந்து என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் தோளில் மாட்டும் தெளிகருவியைத் தேடுவார். தமிழில் மருந்தடிப்பது, சிங்களத்திலும் அதே சொல்வழக்கு. இரு மொழியும் சேர்ந்து இப்படி ஒரு சொல்லைத் தலைகீழாக்கியது நம் காலத்தின் விசித்திரம். வயலோரத்து வல்லாரையைப் பறிக்கலாமா கூடாதா என்பதும் இன்று பறிப்பவர் அறிய வேண்டிய பாடமாகிவிட்டது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காட்டிலிருந்து பறிப்பதையே முறை என்று சொன்னால் காடு மொட்டையாகாதா? ஆகும். மரமஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள், சிங்களத்தில் வெனிவெல். மெதுவாக வளரும் காட்டுக்கொடி. மருந்து அதன் தண்டில் இருக்கிறது. தண்டை வெட்டினால் கொடியே போயிற்று. பிங்கொஹொம்பவும் வேரோடுதான் பிடுங்கப்படுகிறது. பொன்கொரண்டிக்கு நீரிழிவு மருந்தென்று வெளிநாட்டுச் சந்தை வந்ததிலிருந்து அதற்கும் ஆபத்து. இத்தகையவற்றை வளர்த்தே தீர வேண்டும். நம் பதுளை மாவட்டத்திலேயே ஹல்துமுல்லையிலும் கிராந்துருகோட்டையிலும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டங்கள் இருப்பது நல்ல காரியம். அவை பெருக வேண்டும். இந்த இடத்தில் நான் தோற்றதாகவே எழுதிக்கொள்ளலாம். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். வேரை எடுப்பதா, காயை மட்டும் பறித்து மரத்தை விடுவதா, கொம்பை ஒடிக்காமல் நெல்லி பறிப்பது எப்படி, எந்தக் கொடியை இந்த ஆண்டு தொடக்கூடாது என்ற தீர்ப்பை யார் செய்வது? காட்டை மொட்டையாக்குகிறவர் பெரும்பாலும் அன்றன்றைக் கிலோவுக்குக் காசு வாங்குகிறவர். அடுத்த ஆண்டும் அதே காட்டுக்குப் போகும் உரிமையும், ஆண்டுக் கூலியும் உள்ளவருக்குக் கொடியைக் கொல்வதால் நட்டம். திருமுக்கூடலில் நெல்லை எடைக்கு அளக்கவில்லை, ஆண்டுக்கு அளந்தார்கள்.

ஆய்வுகூடம் இருக்கும்போது கண் எதற்கு என்பது அடுத்த கேள்வி. பொடியாக வந்த சரக்கில் கலப்படம் உண்டா என்று மரபணுச் சோதனை சொல்லும். அது பெரிய பலம், வேண்டாமென்று சொல்பவர் மூடர். ஆனால் சோதனை கடைசியில் வருகிறது. பிழை காட்டோரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கார்த்திகைப் பூவின் கிழங்கைச் சமையல் கிழங்கென்று அவித்துத் தின்று இறந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. ஈசுவரமூலி பாட்டன் காலத்து மருந்துதான். அதிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. பழைய மருந்தெல்லாம் நல்ல மருந்து என்று வாதாட நான் இங்கே வரவில்லை. எந்த மருந்து பிழைக்கும், எது கைவிடப்பட வேண்டும் என்று சோதிப்பதற்கும் முதலில் சரியான செடி மேசைக்கு வர வேண்டும்.

ஆகவே அவையோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பாடசாலையிலோ தோட்டத்திலோ பிரதேச சபையிலோ மூலிகைத் தோட்டத்துக்கான மதிப்பீடு மேசைக்கு வரும்போது, கம்பி வேலிக்கு எவ்வளவு, பெயர்ப்பலகைக்கு எவ்வளவு என்று வாசித்துக்கொண்டு போங்கள். செடி தெரிந்த ஒருவருக்கு, பெரும்பாலும் அது லயத்தில் இருக்கும் வயதான ஒரு பெண்ணாகவோ கிராமத்து வெதமாத்தயாவாகவோ இருக்கும், ஆண்டுச் சம்பளம் என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். திருமுக்கூடல் கல்லில் அந்த வரி 950 ஆண்டுகளாக இருக்கிறது.